பிரேக் மாத்த எவ்ளோ ஆகும்?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். இப்பவும் ஆணி குறையலை, ஆனா இதை எழுதாம இருந்தா தூக்கம் வராது போல இருக்கு. அதனால கொஞ்சம் நீளமான பதிவு, டீயைப் போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

போன வருஷம் ஒரு பழைய பிக்கப் டிரக் வாங்கினேன். தனி ஆளுக்கு எதுக்குடா டிரக்குன்னு ரூம்மேட் கேட்டான். ஊர்ல லாரிக்கு நடுவுல வளர்ந்தவனுக்கு அமெரிக்கா வந்து சின்ன காரைப் பார்த்தா பொம்மை மாதிரி தெரியுதுன்னு சொன்னேன். உண்மைக் காரணம், விலை மலிவா வந்துச்சு. :-)

மூணு வாரத்துக்கு முன்னாடி பிரேக் மிதிச்சா முன்னாடி கிறீச், பின்னாடி கரகரன்னு சத்தம். பக்கத்துல ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். அரை மணி நேரம் பார்த்துட்டு, முன்னாடி பேடு, டிஸ்க், பின்னாடி ஷூ, டிரம் எல்லாம் மாத்தணும், கூலியோட 780 டாலர்னு ஒரு காகிதத்தை நீட்டினாங்க. நம்ம ரத்தத்துல ஊறின வியாதி, உடனே மனசு ரூபாய்க்கு மாத்திப் பார்த்துச்சு. அறுபத்தஞ்சாயிரத்துக்கு மேல வருது. யோசிச்சுச் சொல்றேன்னு நைசா வெளிய வந்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரி சங்ககிரிக்குப் போன் போட்டேன். எங்க பெரியப்பா அங்க லாரிப் பட்டறை வெச்சிருந்தவர். நாப்பது வருஷம் பிரேக் வேலை மட்டுமே. லாரிக்காரங்க வட்டாரத்துல "லைனர்காரர்"னுதான் அவருக்குப் பேரே. விலையைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"ஏங்கண்ணு, பிரேக் மாத்தச் சொன்னானா, வண்டியவே மாத்தச் சொன்னானா?"

"இல்லீங்க பெரியப்பா, ஷூ, டிரம் எல்லாமே புதுசு போடணுங்கறான்."

"ஷூ இரும்பு சாமி, அது எங்க தேயுது? தேயறது மேல இருக்கற லைனரு மட்டுந்தான். பழைய ரிவிட்டைத் தட்டி எடுத்துப்போட்டு, புது லைனர் வெச்சு ரிவிட் அடிச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு மாட்டுனா வேலை முடிஞ்சுது."

அதுக்கப்புறம் இருமல். பேசறதை நிறுத்திட்டு அரை நிமிஷம் இருமினார். போனை அக்கா, அதான் பெரியப்பா பொண்ணு, வாங்கி, "அப்பறமா பேசு தம்பி"ன்னு வெச்சிருச்சு.

நிற்க. அந்த இருமலுக்கு அப்புறம் வரேன்.

ஞாயித்துக்கிழமை ஒரு நண்பர் வீட்டு கராஜ்ல வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கினோம். மெக்கானிக்கல் இஞ்சினியரிங் படிச்சுட்டுப் பொட்டி தட்டுறவனுக்கு இதெல்லாம் பாவ மன்னிப்பு மாதிரி. பின் சக்கரத்து டிரம்மைக் கழட்டினா உள்ள மையா ஒரு கறுப்புத் தூசி. நண்பர் கம்ப்ரஸர் குழாயை எடுத்து ஊதப் போனார். புது ஷூ வந்த அட்டைப் பெட்டியில சிவப்பு எழுத்துல ஒரு எச்சரிக்கை: காத்து அடிச்சுச் சுத்தம் பண்ணாதே, ஈரப்படுத்தித் துடை.

எனக்கு உடனே பெரியப்பா பட்டறை ஞாபகம் வந்துச்சு. (கொசுவத்தி சுத்துது.) டிரம்மைக் கழட்டினதும் முதல் வேலை, ஏர் அடிக்கிறது. புஸ்ஸுன்னு ஒரு புகை எழும்பும். சின்னப் பசங்க நாங்க அதுக்குள்ள புகுந்து சினிமா வில்லன் மாதிரி வெளிய வருவோம்.

அன்னிக்கு ராத்திரில இருந்து ஒரே படிப்பு. பிரேக் மாத்த எவ்ளோ ஆகும்னு ஆரம்பிச்சது எங்கெங்கயோ போயிருச்சு.

முதல்ல ஒரு நல்ல கதை. 1888 ஆகஸ்ட். ஜெர்மனியில மன்ஹைம் ஊர். காரைக் கண்டுபிடிச்ச கார்ல் பென்ஸ், அதை வெளிய ஓட்டி விளம்பரப்படுத்தத் தயங்கிக்கிட்டு இருக்கார். அவர் சம்சாரம் பெர்த்தா பென்ஸ் ஒருநாள் காலையில, வீட்டுக்காரர்கிட்ட சொல்லாம, ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டு, அந்த மூணு சக்கர வண்டியை எடுத்துக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல. உலகத்துல முதல் நீண்ட தூரக் கார் பயணமே கோவிச்சுக்காம அம்மா வீட்டுக்குப் போன பயணம்தான்!

வழியில எரிபொருள் தீர்ந்து மருந்துக் கடையில வாங்கினது, குழாய் அடைச்சுக்கிட்டப்போ தொப்பி ஊசியால குத்தி எடுத்ததெல்லாம் நிறைய பேர் எழுதியாச்சு. எனக்கு முக்கியமா பட்டது வேற. அந்த வண்டிக்கு பிரேக்குன்னா மரக்கட்டைதான். நம்ம ஊர் மாட்டு வண்டி மாதிரியே, கட்டை போய்ச் சக்கரத்தை அழுத்தும். இறக்கத்துல இறங்கி இறங்கி அந்தக் கட்டை தேஞ்சு போச்சு. பௌஷ்லாட்டுங்கற கிராமத்துல ஒரு செருப்புத் தைக்கிறவர்கிட்ட வண்டியை நிறுத்தி, கட்டை மேல தோலை வெச்சு ஆணி அடிக்கச் சொன்னாங்க. உலகத்தோட முதல் பிரேக் லைனிங் அதுதான். அவர் எவ்வளவு கூலி வாங்கினார்னு தெரிஞ்சா அந்தத் தொகையைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

பத்து வருஷம் கூட ஆகலை, அதே யோசனை இங்கிலாந்துல வேற ஒருத்தருக்கு வந்துச்சு. டெர்பிஷயர் மலைப்பக்கம் வண்டிக்காரங்க இறக்கத்துல இறங்கும்போது மரக்கட்டை பிரேக் மேல பழைய பூட்ஸை ஆணி அடிச்சு வெச்சிருக்கறதை ஹெர்பர்ட் ஃப்ரூட்ங்கறவர் பார்த்தார். வெறும் மரத்தை விட பழைய பூட்ஸ் நல்லாப் பிடிக்குது. சரி, தேயாத பூட்ஸ் ஒண்ணு செஞ்சா என்னன்னு யோசிச்சு, துணியையும் பிசினையும் சேர்த்து லைனிங் செய்ய ஆரம்பிச்சார். 1897ல கம்பெனி. பேரு ஃபெரோடோ. அவரோட பேரெழுத்துக்களைக் கலைச்சு, சம்சாரம் எலிசபெத்தோட முதல் எழுத்தைச் சேர்த்து வெச்ச பேரு. பிரேக் சரித்திரத்துல ஒவ்வொரு ஆளுக்குப் பின்னாடியும் ஒரு சம்சாரம் இருக்காங்க போல.

துணி லைனிங்ல ஒரு சிக்கல், சூடு ஏறினா கருகும். எவ்வளவு சூடுன்னு கேக்கறீங்களா? ஒரு சின்னக் கணக்கு. பிக்கப் எடை 2,000 கிலோ, வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர்னு வெச்சுக்கங்க. நிறுத்தினா அந்த வண்டியோட இயக்க ஆற்றல் பூரா சூடா மாறணும், வேற வழியே கிடையாது. சுமார் 770 கிலோ ஜூல் வருது. ரெண்டரை லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதி நிலைக்குக் கொண்டு வர்ற சூடு. ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும், சில செகண்டுல, நாலு சக்கரத்துக்கு நடுவுல. இதே வண்டி ஒரு டன் லோடோட கொல்லிமலையில எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கினா எப்படி இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

1908ல ஃப்ரூட் இதுக்கு ஒரு விடை கண்டுபிடிச்சார். எரியாது, துணி மாதிரி நூல் நூத்து நெய்யலாம், டிரம்மையும் ரொம்ப அரிக்காது, விலையும் மலிவு. தமிழ்ல அதுக்கு அழகான பேரு, கல்நார். ஆஸ்பெஸ்டாஸ்.

அதே 1908லதான் அமெரிக்காவுல ஃபோர்டோட மாடல் டி கார் வந்துச்சு. இந்த வண்டியோட பிரேக்கைப் பத்திச் சொன்னா நம்ப மாட்டீங்க. மூணு மிதி. இடது மிதி கியருக்கு, நடு மிதி ரிவர்ஸுக்கு, வலது மிதி பிரேக்குக்கு. ஆக்ஸிலரேட்டர் கையில. அந்த பிரேக்கும் சக்கரத்துல இல்லை, கியர் பெட்டிக்குள்ள எண்ணெயில நனைஞ்சுக்கிட்டே இருக்கற ஒரு டிரம்மைச் சுத்தி நெய்த துணி லைனிங் போட்ட ஒரு பட்டை. மிதிச்சா பட்டை இறுகும், டிரம் நிக்கும், அது வழியா பின் சக்கரம் நிக்கும். முன் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது. பின் சக்கரத்துல ஒரு கை பிரேக் உண்டு, அது வண்டி நிக்கும்போது நகராம இருக்க. பிரேக் பட்டை தேஞ்சு போனா, ரிவர்ஸ் மிதியை மிதிச்சு நிறுத்துற ஆளுங்களும் இருந்திருக்காங்க. சாஃப்ட்வேர்ல நாம பண்ற ஒட்டு வேலை மாதிரிதான்.

இந்தப் பட்டை மாத்தறது மாடல் டி வெச்சிருந்தவங்களுக்கு வழக்கமான வேலை. கியர் பெட்டி மூடியைக் கழட்டி, நட்டு எதுவும் உள்ள விழுந்துடக் கூடாதேன்னு பயந்துக்கிட்டே விவசாயிங்க அவங்களே களத்துல நின்னு மாத்தினாங்க.

அவங்கள்ல பல பேர் காரோட பின்பக்கத்தை வெட்டி மரப்பெட்டி மாட்டி, பால் கேன், உருளைக்கிழங்கு மூட்டையெல்லாம் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. ஃபோர்டு இதைப் பார்த்துட்டு 1925ல தொழிற்சாலையிலயே பெட்டி மாட்டின மாடல் டி விக்க ஆரம்பிச்சாங்க. ஃபோர்டோட முதல் பிக்கப் அது. விலை 281 டாலர். அதாவது என்னோட பிரேக் எஸ்டிமேட்டுக்கு அந்தக் காலத்துல ரெண்டே முக்கால் பிக்கப் வாங்கியிருக்கலாம். (பணவீக்கம்னு பின்னூட்டத்துல வரிஞ்சு கட்டிக்கிட்டு வராதீங்க. அந்த 281 இன்னிக்கு மதிப்புல சுமார் 5,000 டாலர்னு எனக்கும் தெரியும்.)

இதுல ஒரு கூத்து என்னன்னா, 1925க்குள்ள நல்ல பிரேக் எப்படி இருக்கணும்னு உலகத்துக்குத் தெரிஞ்சு போச்சு. 1902லயே பிரான்ஸ்ல லூயி ரெனோ டிரம் பிரேக்கை ஒரு வடிவத்துக்குக் கொண்டு வந்துட்டார். அதே வருஷம் இங்கிலாந்துல லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிட்டார், பாவம் அந்தக் காலத்து உலோகத்துக்கும் ரோட்டுக்கும் அது ஒத்து வரலை. மால்கம் லாக்ஹெட்ங்கற அமெரிக்கர் கம்பிக்குப் பதிலா குழாயில திரவத்தை அடைச்சு அழுத்தற ஹைட்ராலிக் பிரேக்கைக் கொண்டு வந்தார். லாக்ஹீட் விமானக் கம்பெனியை ஆரம்பிச்சவரோட கூடப் பிறந்தவர்தான். 1921ல டூசன்பர்க்ங்கற விலை உசந்த காருல நாலு சக்கரத்துக்கும் அது வந்தாச்சு. 1924ல கிரைஸ்லர் அதோட ஒழுகற தோல் சீலை மாத்தி ரப்பர் போட்டுச் சரி பண்ணி, நடுத்தர விலைக் காருக்கே கொண்டு வந்துட்டாங்க.

கம்பி பிரேக்ல என்ன பிரச்சினைன்னா, நாலு சக்கரத்துக்கும் நாலு கம்பி, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவுக்குத் தளரும். ஒண்ணு முன்னாடி பிடிச்சா வண்டி அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போகும். திரவத்துல அந்த வம்பே இல்லை. எட்டாங்கிளாஸ்ல படிச்ச பாஸ்கல் விதி, எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம்.

ஹென்றி ஃபோர்டு மட்டும் ஒத்துக்கலை. மாடல் ஏ காருல 1927 கடைசியில நாலு சக்கரத்துக்கும் பிரேக் கொடுத்தார், அதுவும் கம்பியில. திரவம்னா ஒழுகிடும், மிதியிலிருந்து சக்கரம் வரைக்கும் எஃகு இருந்தாத்தான் பாதுகாப்புன்னு விளம்பரமே பண்ணினாங்க. செவ்ரோலே 1936லயே மாறிடுச்சு. ஃபோர்டு மாறினது 1939 மாடல்லதான். கிரைஸ்லர் மாறி பதினஞ்சு வருஷம் கழிச்சு! அவர் சொன்னதுல ஒரு நியாயம் இல்லாம இல்லை. அப்போதைய ஹைட்ராலிக்ல எங்க ஒரு இடத்துல ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போச்சு. அதுக்கு விடை, ரெண்டு தனித்தனி வழி வெச்ச மாஸ்டர் சிலிண்டர். அது அமெரிக்கக் கார்கள்ல கட்டாயமானது 1960களோட கடைசியில. ஆனா பயத்துக்கு மருந்து தேடாம, பயத்தையே விளம்பரமா மாத்தினது பிடிவாதம்தான்.

டிரம் பிரேக்குக்கு இன்னொரு நோய் உண்டு. சூடானா டிரம் விரியும், ஷூவை விட்டு விலகிப் போகும், அழுத்த அழுத்தப் பிடிக்காது. டிஸ்க்ல அது இல்லை, தட்டு விரிஞ்சா பேடு பக்கமாத்தான் வரும், காத்தும் நல்லாப் படும். 1953ல பிரான்ஸ்ல லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துல டன்லப் டிஸ்க் பிரேக் மாட்டின ஜாகுவார் ஜெயிச்சது. மத்தவங்க வளைவுக்கு ரொம்ப முன்னாடியே பிரேக் மிதிக்க, இவங்க கடைசி நொடி வரைக்கும் காலை எடுக்காம வந்து மிதிச்சாங்க. அதுக்கப்புறம் எல்லா வண்டிக்கும் முன்னாடி டிஸ்க் வந்தது. பிக்கப்புக்கு எல்லாருக்கும் கடைசியாத்தான்.

பிக்கப்பை நிறுத்தறது காரை நிறுத்தறதை விடக் கஷ்டம்ங்கறதை ஒரு பாரா சொல்லிடறேன். கார்ல பாரம் எப்பவும் ஏறக்குறைய ஒண்ணுதான். பிக்கப் ஒருநாள் வெறும் பெட்டியா ஓடும், ஒருநாள் ஒரு டன் ஏத்திக்கிட்டு ஓடும். லோடுக்கு ஏத்த மாதிரி பின் பிரேக்கைப் பலமா வெச்சா, காலி வண்டியில பின் சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி பம்பரம் சுத்தும். காலி வண்டிக்கு ஏத்த மாதிரி வெச்சா, லோடு ஏத்தினா நிக்காது. அதனாலதான் பின் அச்சு எவ்வளவு அமுங்கியிருக்குன்னு பார்த்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு வால்வு வெச்சாங்க. 1987ல ஃபோர்டு எஃப் வரிசை பிக்கப்ல பின் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் எல்லா வண்டியிலயும் சேர்த்தே கொடுத்ததும் இதுக்குத்தான். முன்னாடிக்கு இல்லாம பின்னாடிக்கு மட்டும் எதுக்குன்னு ரொம்ப நாள் குழம்பியிருக்கேன், காரணம் காலிப் பெட்டி.

சரி, இப்ப அந்தக் கல்நாருக்கு வரேன்.

1924ல இங்கிலாந்துல ரோச்டேல்ங்கற ஊர்ல நெல்லி கெர்ஷாங்கற பெண் 33 வயசுல இறந்து போனாங்க. டர்னர் பிரதர்ஸ் தொழிற்சாலையில கல்நாரை நூலா நூக்கற வேலை. நுரையீரல் பூரா வடு. டாக்டர் குக் அதைப் பரிசோதிச்சு பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல எழுதினார். கம்பெனி எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்லிருச்சு, அடக்கச் செலவுக்குக் கூடக் காசு கொடுக்கலை. பேர் பொறிக்காத குழியிலதான் புதைச்சாங்க. அந்த டர்னர் கம்பெனி, டர்னர் அண்ட் நியூவால்னு பெருசாகி, கொஞ்ச நாள்லயே நம்ம பழைய பூட்ஸ் ஃபெரோடோவையும் வாங்கிருச்சு.

1931ல பிரிட்டன் கல்நார்த் தொழிற்சாலைகளுக்குத் தூசிச் சட்டம் போட்டாச்சு. அதாவது ஆபத்துன்னு அரசாங்கத்துக்கே தெரியும். ஆனா சட்டம் தொழிற்சாலை வாசலோட நின்னுருச்சு. அங்கிருந்து லைனிங்கா வெளிய போய், டிரம்முக்குள்ள தேஞ்சு தூளாகி, ஏதோ ஒரு பட்டறையில எவனோ ஒருத்தன் ஊதறப்போ என்ன ஆகும்ங்கறது அந்தச் சட்டத்துல வரலை.

அமெரிக்காவுல இதை விட மோசம். அங்க பிரேக் லைனிங்ல பெரிய பேரு ரேபெஸ்டாஸ். அதோட தலைவர் சம்னர் சிம்ப்ஸன் 1935ல இன்னொரு கல்நார்க் கம்பெனியோட வக்கீலுக்கு ஒரு கடிதம் எழுதறார். இந்த விஷயத்தை எவ்வளவு கம்மியாப் பேசறோமோ அவ்வளவு நமக்கு நல்லதுங்கறது அதோட சாரம். அந்தக் கடிதக் கட்டு 1970களோட பின்பாதியில கோர்ட்டு வழக்குகள்லதான் வெளிய வந்துச்சு. நாப்பது வருஷம்! அந்த நாப்பது வருஷத்துல எத்தனை பிக்கப், எத்தனை ஷூ, எத்தனை மெக்கானிக்.

அவங்க தொழிற்சாலை கனெக்டிகட் மாநிலத்துல ஸ்டிராட்ஃபோர்டுங்கற ஊர்ல இருந்தது. தயாரிப்புல மிச்சமான கழிவை, பள்ளம் நிரப்ப நல்ல மண்ணுன்னு ஊருக்கு இலவசமாவே கொடுத்திருக்காங்க. வீட்டு வாசல், விளையாட்டு மைதானம், பள்ளிக்கூடத்து வெளின்னு போட்டாச்சு. 1989ல தொழிற்சாலையை மூடினாங்க. அந்த மண்ணைத் தோண்டி எடுக்கற வேலையை அப்புறம் அரசாங்கம் தலையில கட்டியாச்சு. ஒரு பிரேக் ஷூ விலையில இந்தக் கூலி எங்கயுமே எழுதப்படலை, கவனிச்சீங்களா?

இந்த இடத்துல நியாயமா ஒண்ணு சொல்லணும். பழைய லைனிங்ல எடையில பாதி வரைக்கும் கல்நார் இருந்திருக்கு. ஆனா பிரேக் பிடிக்கும்போது வர்ற சூட்டுல அதுல பெரும்பகுதி வேற கனிமமா மாறிடுது. டிரம்முக்குள்ள கிடக்கற தூசியில நார் கொஞ்சம்தான் மிஞ்சும். இதை வெச்சுத்தான் கம்பெனிகள் கோர்ட்டுல வாதாடினாங்க, மெக்கானிக்குகளுக்கு எவ்வளவு ஆபத்துங்கறதுல நிபுணர்கள் இன்னமும் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா புது லைனரை டிரம்முக்குப் பொருந்த உரசித் தேய்க்கறீங்க பாருங்க, அந்தத் தூசி சூடே படாதது. அதுல நார் அப்படியே இருக்கும். படிச்சப்போ இந்த வரியிலதான் நான் நின்னுட்டேன். "உப்புத்தாள் போட்டுத் தேச்சு மாட்டுனா வேலை முடிஞ்சுது."

1986ல அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை மெக்கானிக்குகளுக்குன்னு ஒரு சின்னக் கையேடு போட்டாங்க. ஊதாதே, காஞ்ச துணியால துடைக்காதே, ஈரமாக்கு. என் அட்டைப் பெட்டியில இருந்த வாசகத்தோட தாத்தா அது. 1989ல ஒருபடி மேல போய், பெரும்பாலான கல்நார்ப் பொருள்களைப் படிப்படியாத் தடை பண்றோம்னு அறிவிச்சாங்க, பிரேக் லைனிங்கும் சேர்த்து. 1991ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையோட பெரும்பகுதியைத் தள்ளிருச்சு. மாத்துச் செலவு, கிடைக்கற பலன்னு ஒரு கணக்கு. அதோட, கல்நார் இல்லாத பிரேக் ஒழுங்காப் பிடிக்காம விபத்துல ஆள் செத்தா அந்தக் கணக்கை யார் போட்டதுன்னு ஒரு கேள்வி. அந்தக் கேள்வி தப்புன்னு ஒரேயடியா என்னால சொல்ல முடியலை. பிரேக்குங்கறது உயிர் சமாச்சாரம், புதுப் பொருளை நம்பறதுக்கு முன்னாடி யோசிக்கத்தான் வேணும். ஆனா ஐரோப்பிய ஒன்றியத்துல 2005க்குள்ள எல்லா நாட்டுலயும் கல்நாரைத் தடை பண்ணினாங்க, அங்க வண்டி நிக்காமயா போச்சு? அமெரிக்காவுல புது வண்டிகள்ல இருந்து கல்நார் தானாவே காணாமப் போனாலும், கடையில விக்கற மாத்து உதிரிபாகம் வரைக்கும் சேர்த்துத் தடை விதி வந்தது 2024 மார்ச்லதான். 1989ல ஆரம்பிச்சு 35 வருஷம்.

பழைய பூட்ஸ் கம்பெனியோட முடிவையும் சொல்லிடறேன். டர்னர் அண்ட் நியூவாலை 1998ல ஃபெடரல் மொகல்ங்கற அமெரிக்க உதிரிபாகக் கம்பெனி வாங்கிச்சு. ஃபெரோடோங்கற நல்ல பேரோட, நெல்லி கெர்ஷா காலத்துல இருந்து சேர்ந்த கடனும் கூடவே வந்துச்சு. நஷ்டஈட்டு வழக்குகள் தாங்காம 2001ல திவால் மனு போட்டாங்க.

கல்நார் போனதும் எல்லாம் சுபம்னு நினைச்சேன். அங்கயும் ஒரு வால். பேடுல அதுக்குப் பதிலாப் போட்ட பொருள்கள்ல செம்பும் ஒண்ணு. தேஞ்ச செம்புத் தூள் ரோட்டுல விழுந்து, மழையில ஆத்துக்குப் போய், சால்மன் மீனோட மோப்ப சக்தியைக் கெடுக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. பிறந்த ஆத்தைத் தேடி மோப்பம் பிடிச்சு வர்ற மீனு அது. 2010ல கலிஃபோர்னியாவும் வாஷிங்டனும் சட்டம் போட்டு, 2025ல இருந்து எடையில அரை சதவீதத்துக்கு மேல செம்பு கூடாதுன்னு ஆயிடுச்சு. என் பெட்டி மேல மூணு இலை படம் போட்டிருந்தது. என்னடா இது மூலிகை பிரேக்கான்னு சிரிச்சேன். செம்பு அளவுக்கான முத்திரையாம்.

வேலை முடிஞ்சுது. பேடு, டிஸ்க், ஷூ, டிரம், ஈரமாக்கற பிரேக் கிளீனர் ரெண்டு டப்பா எல்லாம் சேர்த்து 243 டாலர். கூலி, நண்பர் வீட்டம்மா போட்ட மெதுவடை (கடன் பாக்கி எனக்குத்தான்). நாலு தடவை மிதிச்சுப் பார்த்தேன், வண்டி கல்லு மாதிரி நிக்குது.

இந்தியாவுல கல்நாருக்கு முழுத் தடை இல்லை, பெரும்பாலும் கூரை சிமெண்ட் ஷீட்டுக்குப் போகுது. பெரிய கம்பெனி பிரேக் லைனிங்கெல்லாம் கல்நார் இல்லாததுக்கு மாறியாச்சு. பெரியப்பா பட்டறையில எண்பதுகள்ல, தொண்ணூறுகள்ல அடிச்ச லைனர் என்ன சரக்குன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பேரே போடாத மலிவுச் சரக்கும் நிறைய வரும்னு சொல்லுவார். இருமலுக்கு மூணு டாக்டர் பார்த்தாச்சு. மூணு பேரும் கேட்டது ஒரே கேள்வி, பீடி குடிப்பீங்களா? குடிச்சிருக்கார், விட்டு முப்பது வருஷம் ஆச்சு. என்ன வேலை பார்த்தீங்கன்னு ஒருத்தரும் கேக்கலை. லைனர்காரர்னு சட்டைப் பையில எழுதியா ஒட்டியிருக்கும்?

நேத்து அக்காகிட்டப் பேசினேன்.

"அக்கா, அடுத்த வாரம் சேலத்துல காட்டறப்போ, நாப்பது வருஷம் பிரேக் லைனர் தேய்க்கற வேலை பார்த்தாரு, கல்நார்த் தூசி பட்டிருக்கலாம்னு டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு. அவர் கேப்பாருன்னு காத்திருக்காதே. ஸ்கேன் வேணுமான்னும் கேட்டுரு."

"நீ எழுதி அனுப்பு தம்பி, நான் மறந்துடுவேன்." எழுதி அனுப்பியிருக்கேன், தமிழ்ல ஒண்ணு, டாக்டருக்கு இங்கிலீஷ்ல ஒண்ணு.

பட்டறையை இப்போ மாமா, அக்கா வீட்டுக்காரர், பார்க்கறார். டிரம் கழட்டினா ஏர் அடிக்காதீங்க மாமா, தண்ணி தெளிச்சுத் துடைங்கன்னு அவருக்கும் சொன்னேன். சரிங்க மாப்பிளைன்னு கேட்டுக்கிட்டார். இன்னிக்குக் காலையில போன். தண்ணி ஊத்துனா டிரம்மு துருப்புடிச்சுப் போயிரும், எந்தப் படிச்ச முட்டாள் இப்படிச் சொல்லிக் குடுத்தான்னு பெரியப்பா பட்டறை வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு இருமி இருமிக் கத்தறாராம். எந்த முட்டாள்னு மாமா இன்னும் சொல்லலையாம்.